‘மேல்’ என்றால் ‘ஆன்’ இல்லை

2022 ஏப்ரலில், மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல்நிலைத் தேர்வை எழுதினேன். ஆங்கிலத்தில் 25 கேள்விகள், 50 மதிப்பெண். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண் போய்விடும். எனக்குச் சரி 9, தவறு 13, தொடாமல் விட்டது 3. கூட்டிக் கழித்தால் பதினொன்றரை. கணக்குப் பகுதியில் சேர்த்த மதிப்பெண்ணெல்லாம் இங்கே கரைந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி என்றாலும், கல்லூரிக்குப் பிறகு ஆங்கிலம் ஓரளவு வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

பயிற்சி மையத்தில் எரர் ஸ்பாட்டிங்குக்கென்று, அதாவது வாக்கியத்தில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கும், இல்லாவிட்டால் ‘பிழையில்லை’ என்று குறிக்கும் கேள்விகளுக்கென்று, ஒரு கட்டு விதிகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்தேன். கேள்வியைப் பார்த்ததும் ஒன்றுகூட நினைவுக்கு வராது. “தினமும் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படி” என்றார்கள். படித்தேன், புதிய சொற்கள் சேர்ந்தன. ஆனால் பிழையே இல்லாத தலையங்கம் பிழையைப் பிடிக்க எப்படிக் கற்றுத்தரும்?

ஜூலையில் ஒருநாள் இரவு, பழைய வினாத்தாள்களில் நான் கோட்டைவிட்ட வாக்கியங்களை நோட்டில் எழுதி, பக்கத்திலேயே தமிழிலும் எழுதிப் பார்த்தேன். ‘ஆங்க்ரி ஆன் மீ’ என்பதை ‘பிழையில்லை’ என்று குறித்திருந்தேன். ஏன் சரியாகப் பட்டது? நமக்குக் கோபம் ஒருவர் ‘மேல்’ வருகிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அது ‘வித்’. ‘டிஸ்கஸ்ட் அபௌட் த பிளான்’ என்பதில் ‘அபௌட்’ நம்முடைய ‘பற்றி’. ஆங்கில வினைக்குள்ளேயே அந்தப் பற்றி அடங்கிவிட்டது. ‘ரீச்ட் டு சென்னை’யில் இருப்பது சென்னை‘க்கு’; ஆங்கிலத்தில் அந்த ‘டு’ வேண்டாம். ‘சீனியர் தேன் மீ’யில் என்னை‘விட’. அங்கேதான் ‘டு’ வேண்டும். ‘அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி’ எனக்குப் பல மாதம் உறுத்தவே இல்லை. ‘படிக்காவிட்டால்’ என்பதற்குள் இருக்கும் எதிர்மறையை ‘அன்லெஸ்’ ஏற்கெனவே சுமக்கிறது, நான் இன்னொன்றை ஏற்றிக்கொண்டிருந்தேன். வேற்றுமை உருபுகளைத் தமிழாசிரியர் பிரம்போடு நடத்தியபோது, அவை ஆங்கிலத் தாளில் வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள்!

அந்த நோட்டை விதிவாரியாகப் பிரிக்காமல், ‘மேல்’, ‘பற்றி’, ‘க்கு’, ‘விட’ என்று தமிழ்த் தலைப்புகளில் பிரித்தேன். செப்டம்பருக்குள் எழுபது பக்கம் நிறைந்தது.

தமிழ் காலை வாரிவிட்டது என்று மட்டும் சொன்னால் நன்றி கெட்டவனாவேன். ‘த லிஸ்ட் ஆஃப் புக்ஸ் ஆர் ஆன் த டேபிள்’ என்ற வகை வாக்கியத்தில், வினைக்குப் பக்கத்தில் நிற்கும் ‘புக்ஸ்’ பன்மை கண்ணை ஏமாற்றும். அதையே தமிழாக்கினால் ‘புத்தகங்களின் பட்டியல் மேசைமேல் இருக்கிறது’. பட்டியல் பின்னுக்கு வந்து தன் வினையைத் தானே தேடிக்கொள்கிறது, ஆகவே ‘இஸ்’. ‘நண்பர்களில் ஒருவன் வருகிறான்’ என்பதும் அப்படியே: ‘ஃப்ரெண்ட்ஸ்’ பன்மை, வினை ஒருமை. எழுவாய், பயனிலைக் கேள்விகளில் அதன்பிறகு நான் அதிகம் தடுமாறவில்லை.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. ‘நோ ஸூனர்’ வந்தால் ‘தேன்’, ‘ஹார்ட்லி’ வந்தால் ‘வென்’, ‘லெஸ்ட்’ வந்தால் ‘ஷுட்’. இந்த ஜோடிகளை யாரும் வாயால் பேசிக் கேட்டதில்லை. தேர்வுக்காகவே உயிரோடு வைத்திருக்கிறார்கள்போல. வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துத் தொலைத்தேன்.

எல்லாவற்றையும்விடக் கடினம் ‘பிழையில்லை’ என்ற விடைதான். தேடு என்று சொல்லிவிட்டால் மனம் நல்ல வாக்கியத்திலும் ஓட்டை போடும். நூறு கேள்விக்கு அறுபதே நிமிடம். எனவே, என்ன பிழை என்று ஒரு வரியில் எனக்கே காரணம் சொல்ல முடியாவிட்டால் ‘பிழையில்லை’ என்று குறித்துவிட்டு நகர்வது என முடிவுசெய்துகொண்டேன்.

டிசம்பரில் மீண்டும் எழுதினேன். சரி 21, தவறு 2, விட்டது 2. 41 மதிப்பெண்.

தவறிய இரண்டில் ஒன்று ‘கம்ப்ரைசஸ் ஆஃப்’. என் முடிவின்படியே ‘பிழையில்லை’ என்று குறித்திருந்தேன். அப்போது ஒரு கேள்விக்கு 100 ரூபாய் கட்டினால் விடைக்குறிப்பை ஆட்சேபிக்க முடிந்தது. எத்தனை சுற்றறிக்கைகளில் படித்திருக்கிறேன், இது எப்படிப் பிழையாகும் என்று கொதித்து, பணம் கட்டுமுன் அகராதியைத் திறந்தேன். ‘கம்ப்ரைஸ்’ என்றாலே ‘கொண்டிருக்கிறது’. அதற்கு ‘ஆஃப்’ தேவையே இல்லை. 100 ரூபாய் மிச்சம்.