‘அல்ல’ விழுந்த அட்டை

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது நான் வேலை பார்க்கும் அச்சகம். 19 வருடமாக அங்கே டிடிபி அடிப்பதும் புரூஃப் பார்ப்பதும் நான்தான். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் வரும். ஆனால் வருடம் முழுக்க எங்களுக்குச் சோறு போடுவது சபைகள். ராயபுரத்திலிருந்து நவநாள் செபப் புத்தகம், காசிமேட்டிலிருந்து உபவாசக் கூட்டத்து நோட்டீஸ், பெரம்பூரிலிருந்து பாட்டுப் புத்தகம்.

மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் விரல் தடுமாறும். கத்தோலிக்கர் ‘அருள்’ என்பதை மற்றவர்கள் ‘கிருபை’ என்பார்கள். இங்கே மீட்பு, அங்கே இரட்சிப்பு. மாற்றி அடித்துவிட்டால் அன்றைக்கே போன் வரும். எனக்கு இது வீட்டிலேயே பழகிய தடுமாற்றம். பிறந்தது ராயபுரத்தில், கத்தோலிக்கக் குடும்பம். வாழ்க்கைப்பட்டது காசிமேட்டில், பெந்தெகொஸ்தே குடும்பம். கல்யாணமான முதல் வாரமே மாமியார் கேட்டார்: “நீ எப்போ ரட்சிக்கப்பட்டே? தேதி சொல்லு.” எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது வயது நாற்பது நாள். அதைச் சொன்னேன். “அது உங்கப்பா அம்மா எடுத்த தீர்மானம். நீ எடுத்தது எப்போ?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. மாமியார் மருமகள் உரசல் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கொரோனாவுக்கு முந்தின வருடம் ஒரு போதகர் 32 பக்கச் சிறுபுத்தகம் ஒன்று கொண்டுவந்தார். 5,000 பிரதி, தலைப்பே கிருபையைப் பற்றியது. முன்னட்டையில் எபேசியர் 2:8: “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு.” ஈவு என்றால் கொடை. வசனத்தின் கடைசி மூன்று சொல்லையும் தனியே பெரிதாகக் கீழே வைக்கச் சொன்னார். பேஜ்மேக்கரில் வரி இடிக்கிறது என்று ‘உண்டான’ ஒரு வரி, ‘தல்ல’ அடுத்த வரி என நானே உடைத்து வைத்தேன். அப்புறம் எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லிப் போன் வந்தது. பெரிதாக்கினேன். கடைசி வரி பெட்டிக்குள் கொள்ளாமல் மறைந்துவிட்டது. நான் பார்த்தபோது ‘உண்டான’ என்று அந்தரத்தில் நின்றது. சரி, ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று ‘து’ போட்டேன்.

“இது உங்களால் உண்டானது.”

தானாக விழுந்த பிழையாக இருந்தால் யார் கண்ணுக்காவது பட்டிருக்கும். நான் திருத்தி ஒழுங்காக்கியதால் தப்பித்துப் பிளேட்டுக்குப் போய்விட்டது.

கண்டுபிடித்தவர் எங்கள் பைண்டிங் அண்ணன். எந்தச் சபைக்கும் போகிறவர் இல்லை. முப்பது வருடமாக இந்த வசனத்தை மடித்து மடித்தே மனப்பாடம். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இன்னாம்மா இது? இதுல எப்பவும் ‘அல்ல’ன்னு வருமே?”

அதற்குள் 3,000 ஓடிவிட்டது. முதலாளி பேப்பர் வாங்கப் பாரிமுனைக்குப் போயிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்த வசனத்தை யாரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. கண்ணே ‘அல்ல’வைப் போட்டுக்கொள்ளும். விட்டுவிடலாமா என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன், நிஜமாகவே. பிறகு எழுந்துபோய் மிஷினை நிறுத்தச் சொன்னேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆறு மணிக்குப் போதகர் வந்தார். அட்டையை நீட்டி நடந்ததைச் சொன்னேன். இரண்டு தரம் படித்தார். கோபப்படுவார் என்று பார்த்தால் சிரித்துவிட்டார். “ஆயிரத்து அறுநூறு வருஷச் சண்டைம்மா இது. நீங்க மூணு எழுத்துல முடிச்சுவெச்சுட்டீங்க.”

மறு அச்சுக்குத் தேதி பேசும்வரை உட்கார்ந்து கதை சொன்னார். பெலாகியுஸ் என்று பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்த ஒருவர். மனுஷனால் முடியாததைக் கடவுள் கட்டளையிடுவாரா, நல்லதைத் தேர்ந்தெடுக்கிற சக்தி நமக்கு இருக்கிறது என்றார். விருப்பமே நோய்ப்பட்டுக் கிடக்கிறது, கிருபை தொடாமல் அது கடவுள் பக்கம் திரும்பக்கூட முடியாது என்றார் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன். 418இல் அங்கே கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாகியுஸின் போதனையைத் தள்ளினார்கள். விசுவாசத்தின் முதல் அடியையாவது மனுஷன் எடுக்கலாமா என்று பிறகு ஒரு கேள்வி வந்தது. அந்த அடியும் கிருபையே என்று 529இல் பிரான்ஸில் ஆரஞ்சு என்ற ஊரில் கூடிய ஆயர் சங்கம் சொன்னது. 1524இல் எராஸ்மஸ் என்ற கத்தோலிக்க அறிஞர் மனித விருப்பத்துக்காக எழுத, மறுவருடமே புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் அந்த விருப்பம் அடிமைப்பட்டது என்று பதில் எழுதினார். பிறகு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி வந்து, கிருபை எல்லாரிடத்திலும் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது, ஏற்பதும் தள்ளுவதும் அதற்குப் பிறகு நம் கையில் என்றார். எங்கள் மாமியார் வெஸ்லியைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆனாலும் ஏறக்குறைய அவர் பக்கம்தான்.

இதில் எனக்குப் பிடித்தது போதகர் சொல்லாமல் விட்டது. பின்னால் வேறொரு புத்தகம் அடிக்கும்போது தெரிந்துகொண்டேன். இதே விஷயத்துக்காகக் கத்தோலிக்கத் துறவிகளே, டொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும், ரோமில் வருடக்கணக்கில் வாதாடினார்கள். 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் தீர்ப்பே சொல்லாமல், ஒருவரையொருவர் குற்றம் சாட்டாதீர்கள் என்று அனுப்பிவைத்தார். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருத்தர் வந்திருக்கலாம்.

முதலாளி திரும்பி வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. நாமம் போட்ட மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் மிஷின்மேனிடம் பேப்பர் கணக்குக் கேட்டார். அப்புறம் போதகரைப் பார்த்து, “எங்ககிட்டயும் இது உண்டு சார். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடிச்சுக்கணும்னு வடகலைக்காரங்க சொல்வாங்க. பூனைக்குட்டி சும்மா கெடந்தா போதும், தாயே கவ்விக்கிட்டுப் போகும்னு நாங்க தென்கலை” என்றார். போதகர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் கவரைப் பிரித்து இரண்டு தரம் எண்ணினேன். முழுச் சம்பளம். சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வந்தது எரிச்சல்தான். பிடித்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும், நிமிர்ந்து நடந்திருப்பேன். தீர்க்க வழியில்லாத கடன் தொண்டையில் முள்ளாக இருந்தது. மனுஷனுக்குப் பெலாகியுஸைத்தான் பிடிக்கும் என்று அன்றைக்குத் தோன்றியது.

புது அட்டையை வாங்க வந்த போதகரிடம் கொஞ்சம் வாதாடினேன். “பிழையைப் பார்த்த கண் என்னுது இல்லைங்க ஐயா, ஒத்துக்கிறேன். ஆனா மிஷினை நிறுத்தினது நான்தானே?” பையிலிருந்து பைபிளை எடுத்துப் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தைக் காட்டினார். 12ஆம் வசனம் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்கிறது. 13ஆம் வசனம், விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. புரூஃப் பார்க்கிறவள் புத்தி வேறு இடத்தில் நின்றது. இரண்டையும் கோத்திருக்கும் சொல் ‘ஏனெனில்’. நான் எழுதியிருந்தால் ‘ஆனாலும்’ என்று போட்டிருப்பேன். யாராவது எழுதிக்கொண்டு வந்திருந்தால் பென்சிலால் சுழித்து ஓரத்தில் கேள்விக்குறி வைத்திருப்பேன். அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல் அங்கே முரணே பார்க்கவில்லை. தேவன் செய்கிறார் என்பதால்தான் நீ பிரயாசப்படு என்கிறார். அது எப்படி என்று போதகரைக் கேட்டேன். “அதுக்குத்தான் 32 பக்கம் எழுதினேன்” என்றார். 32 பக்கத்தையும் மூன்று புரூஃப் படித்தவள் நான். அதில் அந்தப் பதில் இல்லை. சொல்லவில்லை.

வீணான 3,000 அட்டையையும் முதலாளி எடைக்குப் போடவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் நாலாக வெட்டித் துண்டுச்சீட்டாக்கச் சொன்னார். டீக் கணக்கு, ஆட்டோ வாடகை, யாருக்கு எத்தனை ரீம் எல்லாம் அதில்தான் எழுதுகிறோம். திருப்பினால் சிலதில் ‘கிருபையினாலே’ இருக்கும், சிலதில் ‘உங்களால் உண்டானது’. இன்னும் ஒரு கட்டு மீதி இருக்கிறது.