நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

ஜூன் 3, 2025, செவ்வாய்

கம்பம் மெட்டில் சாரல். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் இருட்டிலேயே மலையேறிவிட்டன. என் வண்டியை மச்சினன்தான் ஓட்டுகிறான். புது மருந்து உடம்புக்குப் பிடிபடும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்பது டாக்டர் கட்டளை.

வலி மாத்திரைப் போதையை நான் விட்டுவருவதைக் கேள்விப்பட்டு, நேற்று கூடலூர்ப் பையன் ஒருவன் போனில், "எந்த ஹோம்ல இருந்தீங்கண்ணே?" என்று கேட்டான். போதையை விடவைக்கும் ஹோம் எதிலும் நான் இருக்கவில்லை. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுப் போட்டு, மனநலப் பிரிவு வரிசையில் நின்றேன், அவ்வளவுதான். இப்படி ஒரு வழி இருப்பதே எங்கள் ஊரில் பலருக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

என்னைப் பிடித்தது டபென்டடால். முதுகுவலிக்கென்று வந்து, வலி போன பிறகும் கூடவே இருந்தது. கடுமையான வலிக்கு டாக்டர் எழுதித் தரவேண்டிய மாத்திரை அது. அபின் வகை மருந்துகள் வேலை செய்யும் இடத்தில்தான் இதுவும் வேலை செய்கிறது. எங்கள் பக்கத்துப் பையன்கள் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் கரையாத மாவும் சேர்ந்திருக்கும், அது ரத்தக்குழாயை அடைத்துக் கையைப் புண்ணாக்கிவிடும். ஊசியை மாற்றிமாற்றிப் போட்டால் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை சி வகை. இந்த சி வகைக்கு இப்போது மாத்திரையிலேயே குணம் உண்டு, பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வாரம்தான். அரசுத் திட்டத்தில் இலவசம். ஊசி போட்டவர்கள் வெட்கப்படாமல் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

நிறுத்தினால் முதலில் கொட்டாவி. அப்புறம் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், உடம்பெல்லாம் சிலிர்ப்பு, வயிற்றுப்போக்கு, படுத்தால் கால் தானாக உதைத்துக்கொள்ளும். இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். "மனசு வச்சா விட்டுரலாம்" என்பவர்களை அந்த மூன்றாம் நாள் ராத்திரி என் பக்கத்தில் உட்காரவைத்திருக்க வேண்டும்.

எனக்குக் கொடுத்தது புப்ரினார்ஃபினும் நாலாக்சோனும் சேர்ந்த மாத்திரை. விழுங்கக்கூடாது. நாக்குக்கு அடியில் வைத்து, பேசாமல், தண்ணீர் குடிக்காமல், முழுக்கக் கரையவிட வேண்டும். முதல் மாத்திரைக்கு அவசரப்படவும் கூடாது. பழைய சரக்கு உடம்பில் இருக்கும்போதே போட்டால் எல்லா அவஸ்தையும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடும். நடுக்கம் நன்றாகத் தொடங்கட்டும் என்று டாக்டர் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே காத்திருக்க வைத்தார். அன்றைக்கு அவரை மனசுக்குள் திட்டாத திட்டில்லை.

ஜூன் 11, புதன்

அம்மாவோடு சண்டை. "ஒரு மாத்திரைய விட இன்னொரு மாத்திரையா? இதையும் விட்டாத்தான்டா விட்டதா அர்த்தம்."

மாத்திரை அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. தினமும் காலையில் எண்ணித்தான் எடுத்துத் தருவார். தந்துவிட்டு இதையும் சொல்வார்.

டாக்டர் சொன்னதை அவரிடம் இப்படிச் சொன்னேன்: பழைய மாத்திரை உட்காரும் அதே இடத்தில்தான் இதுவும் உட்காருகிறது. ஆனால் பாதிதான் வேலை செய்யும், ஒரு அளவுக்கு மேல் ஏறாது, ஒரு நாள் முழுக்கத் தாங்கும். மேலே பழையதைப் போட்டாலும் போதை சரியாகப் பிடிக்காது. கரைத்து ஊசியில் ஏற்றினால் கூட இருக்கும் நாலாக்சோன் நடுக்கத்தைக் கிளப்பிவிடும். குடியும் தூக்க மாத்திரையும் மட்டும் இதோடு சேரவே கூடாது, மூச்சுக்கு ஆபத்து.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தன நாளைக்கு?" அவசரப்பட்டு நிறுத்துகிறவர்கள்தான் அதிகமும் பழையதற்குத் திரும்புகிறார்களாம், மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ ஆகலாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜீப் தவணை இந்த மாதம் கட்டியாகிவிட்டது, ராத்திரி தூங்குகிறேன், சோறு இறங்குகிறது. விட்டதற்கு என் கணக்கு இதுதான். அவர் கணக்கு வேறு.

ஜூன் 26, வியாழன்

இன்று போதை ஒழிப்பு நாள். குமுளியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர்வலம், மலையாளத்திலும் தமிழிலும் அட்டைகள், எல்லாவற்றிலும் மண்டையோடு. சேட்டன் கடையில் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று ஒரு அட்டையாவது சொல்லியிருக்கலாம். அந்த மண்டையோட்டைப் பார்த்து நானெல்லாம் ஒருநாளும் பயந்ததில்லை.

ஆகவே நானே எழுதுகிறேன்: 14446, போதையை விட நினைப்பவர்களுக்கான தேசிய உதவி எண். கேரளப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த அரசின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தி, 14405. மனசு சரியில்லை என்றால் 14416, தமிழிலேயே பேசலாம்.

செக்போஸ்ட்டைத் தாண்டிப் பிழைக்கிறவர்களுக்கு போலீஸ் பயம் பெரிசு. ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாகப் போய்ச் சிகிச்சை எடுத்து முடிப்பவர் மேல், பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு நடத்த முடியாது. விற்கிறவனுக்கு இது இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

சின்னமனூரில் ஒரு சாவு. பெயர் வேண்டாம். என்னோடு ஒரே ஸ்டாண்டில் வண்டி போட்டவன், என்னைவிட இளையவன்.

வீட்டார் அவனை ஒரு ஹோமில் விட்டிருந்தார்கள். ராத்திரியில் காலில் சங்கிலி. 2017ஆம் வருட மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது, போதைக்காகச் சேர்த்தவர்களையும் சேர்த்துத்தான். அந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. "தெளிஞ்சு வந்துட்டான், முகத்துல களை வந்துருச்சு" என்று அவன் அக்கா என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். வந்த நான்காம் நாள், பழைய அளவையே ஏற்றியிருக்கிறான்.

விட்டு இருக்கும் காலத்தில் உடம்பு பழைய பழக்கத்தை மறந்துவிடுகிறது. முன்பு தாங்கிய அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். சாவு அதிகம் நடப்பது விடாமல் போட்டுக்கொண்டிருக்கும்போது மட்டுமில்லை, ஹோமிலிருந்தோ ஜெயிலிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்களிலும்தான். அங்கிருந்து அனுப்பும்போது இதை ஒருவர் சொல்லியிருக்கலாம். கையில் தொடர்மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. ஃபைலும் அறிவுரையும் கொடுத்தார்கள், பாக்கிப் பணத்துக்கு ரசீதும்.

துஷ்டி வீட்டில், "திமிர்ல செத்தான்" என்றார் ஒரு பெரியவர். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

டாக்டர் சம்மதித்துவிட்டார். மறுபடி வண்டி. முதுகு வலிக்கத்தான் செய்கிறது. வெந்நீர் ஒத்தடம், சீட்டுக்குப் பின்னால் மடித்த துண்டு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வண்டன்மேட்டுக்குக் காயெடுக்க வருகிற அக்கா ஒருவர், எல்லோரும் இறங்கிய பிறகும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மகன் சட்டைக் கையை மடக்கிவிடுவதே இல்லையாம். "தம்பி, நீ எப்படி விட்ட?"

இன்னும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா என்றேன். அவனைத் திட்டாதீர்கள், தனியாகக் கதவைப் பூட்டிக்கொள்ள விடாதீர்கள், எந்த ஹோமுக்கும் முன்பணம் கட்டாதீர்கள் என்றேன். பையன் வருவானா என்றதற்கு, போலீஸ் இல்லை என்று தெரிந்தால் வருவான் என்றார்.

வியாழக்கிழமை இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அவருக்கு அன்றைய கூலி போகும், சூப்பர்வைசரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆதார் அட்டையும், அவன் போடுகிற மாத்திரையின் காலி அட்டை ஒன்றும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அட்டையைப் பார்த்தால்தான் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று டாக்டருக்குத் தெரியும். பையன்கள் வாயால் சொல்லும்போது எப்போதும் பாதியாகத்தான் சொல்வார்கள்.