ஜெயித்தவரிடம் கேட்ட கேள்வி

2005 டிசம்பர், அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 'தி அப்ரென்டிஸ்' நான்காவது சீசனின் கடைசி இரவு. அணி அணியாக வியாபாரப் போட்டி வைத்து, தோற்ற அணியில் வாராவாரம் ஆளை வெளியேற்றி, கடைசியில் மிஞ்சுபவருக்கு டிரம்ப் தன் நிறுவனத்தில் வேலை கொடுக்கும் நிகழ்ச்சி அது. ராண்டல் பிங்கெட் வென்றதாக அறிவித்த டொனால்ட் டிரம்ப், கையோடு இன்னொன்றும் கேட்டார்: தோற்றுப்போன ரெபெக்கா ஜார்விஸையும் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா? ராண்டல் மறுத்தார். எடுப்பதானால் ஒருவரைத்தான் எடுக்க வேண்டும் என்றார். கணுக்கால் முறிந்து ஊன்றுகோலோடு ஓடியாடி வேலை செய்தவர் ரெபெக்கா. அந்த 'வேண்டாம்' இன்றைக்கும் உறுத்துகிறது.

ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம், பாம்பன் ஊர்ப் பக்கத்துப் பெண்களின் கருவாட்டுக் குழுக்களுக்கு வியாபாரம் சொல்லித்தர வரும் பயிற்சிகளில் இந்த நிகழ்ச்சியின் சாயல் நிறைய. இரண்டு அணி, ஆளுக்கொரு தலைவி, சமமான முதல். சாயங்காலம் காசை எண்ணுவார்கள். தோற்ற தலைவி, யாரால் தோற்றோம் என்று இரண்டு பேரைக் காட்ட வேண்டும். பெரும்பாலும் அந்த இடத்தில் வாய் திறக்க மாட்டார்கள். பயிற்சி கொடுப்பவர்கள் அதைப் பயம் என்று குறித்துக்கொள்வார்கள். பயம்தானா?

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ நெத்திலிக் கருவாட்டுக்கு மூன்றரை முதல் நாலு கிலோ பச்சை மீன் வேண்டும். ஒரு அணிக்கு வலை கட்டிய பரண் கிடைத்து, இன்னொரு அணி மணலில் காயப்போட்டால், மண் ஒட்டிய சரக்குக்கு வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். ராமேஸ்வரம் கோயில் பக்கம் அமாவாசையன்று கடை போட்டவர்களும் ராமநாதபுரம் சந்தையில் சாதாரண நாளில் உட்கார்ந்தவர்களும் ஒன்றா? இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. வெயில் சூடு ஆறுமுன் கவரில் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பொறுமையாக ஆறவைத்து அடைத்தவர் அன்றைக்குக் குறைவாக விற்றிருப்பார். அவசரமாக அடைத்தவர் ஜெயித்திருப்பார். சரக்கு திரும்பி வரும்போது பயிற்சி முடிந்துபோயிருக்கும். அன்று மாலைக் காசை மட்டும் வைத்து ஆளைத் தீர்மானிப்பது நியாயமே இல்லை.

அணியோடு நின்றவருக்கு அந்த நிகழ்ச்சியில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். இரண்டாவது சீசனில் பிராட்ஃபோர்ட் கோஹன் முதல் போட்டியில் அணியை ஜெயிக்கவைத்து, அடுத்த வாரம் வெளியேற்ற முடியாத பாதுகாப்பைப் பெற்றார். அடுத்த வாரம் ஐஸ்கிரீம் போட்டியில் அணி தோற்றதும், அணியினரோடு சேர்ந்து நிற்பதாக அந்தப் பாதுகாப்பை அவரே விட்டுக்கொடுத்தார். டிரம்ப் அவரைத்தான் வெளியேற்றினார். அணிக்காக நிற்பது அங்கே புத்திகெட்ட முடிவாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இந்தக் கரையில் பங்கு முறை வேறு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு, மிச்சம் ஆட்களுக்கு. விகிதம் படகுக்குப் படகு மாறும். ஆனால் கடலுக்குப் போகும் முன்பே பேசிவிடுவார்கள். மீனைப் பார்த்த பிறகு பங்கு பேசினால் அடுத்த முறை ஆள் வராது. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்று பிரித்ததும் இதே போலத்தான், கடலில் இறங்கும் முன் கரையில் பேசி வைத்தது. மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் பேசி வைத்த கட்டுப்பாட்டையும் இதோடு சேர்க்கலாம்.

அப்படியானால் ராண்டல் செய்தது இந்தக் கரையின் நியாயத்துக்கு ஒத்ததுதானே? பேசிய பங்கை முடிவில் மாற்றாதே என்றார், அவ்வளவுதான். ஒரு குழுவில் இதைச் சொன்னபோது ஓர் அக்கா கேட்டார்: "முதலாளி குடுக்குறதா இருந்தா குடுத்துட்டுப் போறான். அத ஏன் அந்தத் தம்பிகிட்ட கேக்கணும்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு ராண்டலின் பதிலை விட டிரம்ப்பின் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. ராண்டலுக்கு முன் வென்ற பில் ரான்சிக், கெல்லி பெர்டியூ, கெண்ட்ரா டாட் யாரிடமும் இது கேட்கப்படவில்லை. முதல் சீசனில் பில்லிடம் தோற்றவர் க்வாமே ஜாக்சன் என்ற கறுப்பினத்தவர். அவரையும் எடுக்கலாமா என்று பில்லை யாரும் கேட்கவில்லை. வென்ற முதல் கறுப்பினத்தவரான ராண்டலிடம் மட்டும் கேட்டார்கள். 'சரி' என்றால் வெற்றி பாதியாகும், 'வேண்டாம்' என்றால் கல்நெஞ்சன் என்ற பெயர். கொடுக்கும் அதிகாரம் முதலாளியிடம், மறுத்த பழி மட்டும் அவர் தலையில்.

இத்தனைக்கும் பிறகும் பங்கு முறை முழு நியாயம் என்று சொல்ல மனம் வரவில்லை. சமப் பங்கில் வேலை செய்யாதவரும் ஒளிந்துகொள்வார். மீனைக் கழுவி, திருப்பிப் போட்டு, காக்கை விரட்டும் வேலையை யாரும் எழுதிவைப்பதில்லை. விற்றவர் பெயர்தான் நோட்டில் இருக்கும். 2015இல் பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தபோதும், பல ஊர்ப் பெண்கள் சேர்ந்து காத்த கட்டுப்பாட்டுக்கு ஒருவர் பெயரில்தான் விருது கொடுக்க முடிந்தது. பெருமைதான். ஆனாலும் ஒரு பெயர்தானே?

குழுக்களுக்கு நாங்கள் இப்போது சொல்வது இதுதான்: சரக்கு எடுக்கும் முன்பே நோட்டில் யார் கழுவுவது, யார் காயப்போடுவது, யார் அடைப்பது, யார் விற்பது என்று எழுதுங்கள். கடனுக்கு விற்றதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். திரும்பி வந்த பாக்கெட்டைக் கழித்த பிறகே லாபம் பாருங்கள். பங்கை அன்றே பேசிவிடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாதி நாளில் போனவருக்கு முழுப் பங்கா, அரைப் பங்கா? முன்பே எழுதிவிடுங்கள் என்றுதான் சொல்கிறோம். எதை எழுதுவது என்பதில் இரண்டு குழு ஒத்துப்போய்ப் பார்த்ததில்லை.