பைன் இல்லாத பச்சை வளையம்: இதுவரை செய்தது

கிறிஸ்துமஸுக்குக் கதவில் மாட்டும் இலை வளையத்தை நானே கட்டுவதுதான் வழக்கம். பைன், ஃபர், ஸ்ப்ரூஸ் என்று கிடைக்கிற ஊசியிலைக் கிளைகளை வளைத்துக் கட்டிவிடுவேன். இந்த முறை பண்டிகைக்கு என் தங்கை வந்து தங்குகிறாள். அவளுக்கு பைன் அலர்ஜி. பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கி மாட்டிவிடு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குக் கிளை வெட்டிக் கட்டுகிற வேலைதான் பிடித்தமே, அதனால் பச்சை இலையிலேயே வழி தேடினேன்.

எதைக் கட்டுவது என்று யோசிப்பதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன்: பட்டால் அரிக்கிறதா, தும்மல் வருகிறதா, வாசனையே ஆகாதா? பைன் அலர்ஜி என்று சொல்பவர்கள் எல்லாருக்கும் ஒரே தொல்லை இல்லை. பைன் மகரந்தம் பறப்பது பெரும்பாலும் வசந்த காலத்தில். டிசம்பரில் வெட்டிய கிளையில் அதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டாம். அந்த நேரத்தில் தும்மல் வந்தால் பூஞ்சையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அமெரிக்காவில் 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 28 கிறிஸ்துமஸ் மர மாதிரிகளில் 53 வகைப் பூஞ்சைகள் இருந்தன. வீட்டுச் சூட்டில் அவை நன்றாகப் பெருகும். சிலருக்கு இது எதுவுமே இல்லை. ஊசியிலையிலிருந்து வரும் பினீன் போன்ற வாசனைப் பொருட்கள் மூச்சுக்குழாயை உறுத்தும், அவ்வளவுதான்.

தங்கை சொன்னது வேறு. "தொட்டா கை சிவந்து அரிக்கும் அக்கா. சில பிளாஸ்திரி ஒட்டினாலும் அதே கதைதான்." அந்தப் பிளாஸ்திரிதான் துப்பு. தோல் மருத்துவர் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் அவளுக்குக் கொலோஃபோனி என்று ஏற்கெனவே வந்திருக்கிறது. பைன் பிசினிலிருந்து டர்பென்டைனை வடித்தெடுத்த பிறகு மிஞ்சும் கெட்டிப் பொருள் அது. சில பிளாஸ்திரிகளின் பசையிலும் அது இருக்கும். ரோசின் என்ற அதன் இன்னொரு பெயரைச் சொன்னால் வயலின் வாசிப்பவர்களுக்குச் சட்டென்று தெரியும். அதிலுள்ள அபியட்டிக் அமிலம் காற்றுப்பட்டு மாறும்போதுதான் தோலுக்கு அதிகத் தொந்தரவு.

அப்படியென்றால் பைனை விட்டு ஸ்ப்ரூஸுக்குப் போவதில் பயனில்லை, அதுவும் பிசின் மரம்தான். ஜூனிப்பர், சைப்ரஸ் பக்கம் போகலாமா என்றால், அதில் வேறு வம்பு. அந்தக் குடும்பத்தில் சில மரங்கள் குளிர்காலத்திலேயே மகரந்தம் விடும். மவுண்டன் சிடார் எனப்படும் ஜூனிப்பருக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் காலமே. பைனுக்குப் பதில் இதை மாட்டினால், மகரந்தம் ஆகாதவர்கள் வீட்டில் நிலைமை இன்னும் மோசமாகும். மொத்தத்தில் ஊசியிலை, செதிலிலை இரண்டையும் ஒதுக்கினேன்.

அகன்ற இலைகளில் சிலவற்றைக் கொஞ்சம் கொஞ்சம் கட்டிப் பார்த்தேன். பாக்ஸ்வுட் கட்ட சுலபம், ஆனால் சூடு பட்டால் பூனை மூத்திர நாற்றம் என்று சிலர் சொல்வது பொய்யில்லை. யூகலிப்டஸ் பார்க்க அழகு; வாசனை காட்டமானது, ஆஸ்துமா இருக்கும் வீட்டுக்கு ஆகாது. ஐவி சாறே சிலருக்குத் தோலை அரிக்கும் என்பதால் தொடவேயில்லை. ஹாலியின் சிவப்புப் பழங்கள் நச்சு, குழந்தைகள் வருகிற வீட்டில் அது எதற்கு?

கடைசியில் நின்றது மக்னோலியாவும் ஆலிவும். மக்னோலியா இலையின் மேல்புறம் மெருகேற்றியது போல மினுங்கும், அடிப்புறம் துரு நிறத்தில் மெத்தென்று இருக்கும். இரண்டும் தெரியும்படி சில இலைகளைத் திருப்பிக் கட்டினால் வேறு அலங்காரமே தேவையில்லை. மூன்று மூன்று இலையாகச் சேர்த்து, காம்பை மெல்லிய கம்பியால் சுற்றி, வளையத்தில் ஒரே திசையில் அடுக்கினேன். ஒரு கொத்தின் காம்பை அடுத்த கொத்து மறைக்க வேண்டும். காம்பு தடியாக இருப்பதால் கம்பியை இழுத்து இறுக்கும்போது விரல் வலிக்கத்தான் செய்கிறது. இடைவெளிகளில் ஆலிவ் குச்சிகளைச் செருகினேன். அதன் சாம்பல் பச்சை, மக்னோலியாவின் கனத்தைக் குறைத்துக் காட்டுகிறது.

குளூ கன்னை எடுக்கவில்லை. உருக்கி ஒட்டும் பசைக் குச்சிகள் சிலவற்றில் ரோசின் வகைப் பொருள் சேர்ப்பதுண்டு. இலையில் இல்லாத பைனைப் பசையில் கொண்டுவந்து வைப்பானேன்? எல்லாமே கம்பிக்கட்டுதான். போன வருடம் பிசின் அப்பிய பழைய வளையச் சட்டம், கையுறை இரண்டையும் தொடவில்லை. கத்தரி மட்டும் புதிதாக வாங்க மனமில்லை, எண்ணெய் தடவித் துடைத்துச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன்.

கட்டுவதற்கு முன் கிளைகளைக் குழாயடியில் கழுவி, உதறி, நிழலில் நன்றாக உலர்த்தினேன். அதற்கப்புறமும் ஈரத்துணியால் துடைத்தபோது துணி கறுத்தது. பூஞ்சைக்கும் தூசிக்கும் பைனா மக்னோலியாவா என்ற பேதம் கிடையாது.

தங்கை போன வாரம் எட்டிப்பார்த்தாள். ஒரு கொத்தை நன்றாகத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அடுத்தடுத்த நாட்களிலும் விசாரித்தேன், ஏனென்றால் இந்த வகை ஒவ்வாமை உடனே காட்டாது, ஓரிரு நாள் கழித்துத்தான் சிவக்கும். ஒன்றுமில்லை என்றாள். வளையம் இப்போது வாசல் கதவின் வெளிப்பக்கம் தொங்குகிறது. ஆலிவ் இலை ஓரங்களில் சுருள ஆரம்பித்துவிட்டது, பண்டிகைக்கு முன் அதை மட்டும் மாற்ற வேண்டும். இன்னொரு மக்னோலியாக் கட்டு, ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்த ஜாடியில் நிற்கிறது. இலை பழுப்பாகி வளைந்து கொடுத்தால் அதை அடுத்த வருடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.