கல்யாணியைப் பார்க்க வந்தார்கள்

நேற்று மாலை கல்யாணியைப் பார்க்க மடிப்பாக்கத்திலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் பூனைக்குட்டி வளர்க்க விரும்பும் ஒரு குடும்பத்தார், அவ்வளவுதான். ஆனால் காலையிலிருந்தே எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தக் களை வந்துவிட்டது. அம்மா கோலத்துக்குச் செம்மண் பூசச் சொன்னாள். மனைவி வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். கேசரிக்கு முந்திரியை இரண்டாகப் பிளந்துதான் போட வேண்டும், முழுசாகப் போட்டால் நம்மை ஊதாரி என்று நினைப்பார்கள் என்று எனக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டது.

தாயில்லாக் குட்டிகளை வேறு வீடு கிடைக்கும்வரை வளர்த்துக் கொடுப்பதில் எங்கள் வீட்டுக்கு இது மூன்றாவது ஈற்று. அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் மகள் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து, "ரெண்டே வாரம்பா" என்றாள். முதல் ஈற்றின்போதும் இரண்டே வாரம்தான், பிறகு அது நான்கு மாதமானதை இந்த வீட்டில் நினைவு வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். பெட்டிக்குள் தாயில்லாக் குட்டிகள் மூன்று, ஒரு கண் திறந்தும் மறுகண் ஒட்டிக்கொண்டும் கிடந்தன. கேக் மாவு நிறுக்க வாங்கிய தராசில் வைத்துப் பார்த்தபோது செம்மஞ்சள் குட்டி 190 கிராம், வெள்ளைக்குட்டி 180, கறுப்பு 150. மூன்றும் வாயைத் திறந்த விதத்தை வைத்து அம்மா முறையே ராகங்களின் பெயரைச் சூட்டினாள்: கல்யாணி, தோடி, முகாரி.

அன்றே படுக்கையறை ஏசி நிறுத்தப்பட்டது. மூன்று நான்கு வாரம் ஆகும்வரை குட்டிகளுக்குத் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ளத் தெரியாதாம். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்கவும் செய்யாதாம். சென்னையில் கத்திரி வெயில் கொளுத்திய அத்தனை நாளும், ஊரெல்லாம் ஒரு பாகை குளிர்ச்சிக்காக ஏங்கிக்கொண்டிருக்க, என் வீட்டில் துண்டு சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஒன்று பெட்டிக்குள் வைக்கப்பட்டது.

பசும்பால் கொடுத்தால் கழிச்சல் வந்துவிடும் என்பதால், குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் மூன்று மணிக்கொரு முறை புகட்ட வேண்டும். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பால் புகட்டியதோடு கடமை முடிவதில்லை. அந்த வயதில் தாய்ப்பூனை நக்கிவிட்டால்தான் குட்டிக்குச் சிறுநீர் பிரியும், தாய் இல்லாத இடத்தில் ஈரப்பஞ்சுதான் தாய். முப்பத்தோராண்டு தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவன், விடியற்காலை மூன்று மணிக்குப் பஞ்சும் கையுமாக உட்கார்ந்து, "போ கண்ணு, கொஞ்சம் போயிடு" என்று கெஞ்சிய காட்சியை என் பழைய மாணவர்கள் எவரும் பார்க்க நேராதது என் பூர்வபுண்ணியம்.

இதையெல்லாம் கண்டு அம்மா மார்ஜால நியாயம் சொன்னாள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே கவ்விக்கொண்டு போகும், பெருமாளின் கருணையும் அப்படித்தான் என்பது தென்கலையாரின் கொள்கை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கவ்விக்கொண்டு போகிறவருடைய தூக்கத்தைப் பற்றி எந்த ஆசாரியராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

நாளொன்றுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும் என்று மகள் சொன்னதால், பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தினமும் எடை எழுதினோம். ஒருநாள் முகாரிக்கு ஆறு கிராம் இறங்கிவிட்டது. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் பத்தாம் வகுப்பில் கணக்கில் மதிப்பெண் குறைந்தபோதுகூட இவ்வளவு துக்கம் அனுசரிக்கப்படவில்லை என்பதை அவளே சுட்டிக்காட்டினாள்.

நேற்று வந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். கணவன், மனைவி, ஒரு சிறுமி, கால்நடை மருத்துவம் படிக்கும் தம்பி. அந்த அம்மாள் தொடக்கத்திலேயே, "ஆண் பூனை வீடெல்லாம் சிறுநீர் தெளிக்கும், எங்களுக்குப் பெண்தான் வேணும்" என்று சொல்லிவிட்டார். அதற்கென்ன, எங்கள் கல்யாணி தங்கமான பெண் என்று என் மனைவி உட்புறமிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி, கையைத் துடைத்துக்கொண்டு, குட்டியின் வாலை இரண்டு விரலால் உயர்த்திப் பார்த்து, "சார், இது பையன்" என்றான்.

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் பொறுமையாக விளக்கினான். வாலுக்குக் கீழே முக்காற்புள்ளிபோல் இரண்டு புள்ளி தள்ளித்தள்ளி இருந்தால் ஆண், நெருக்கமாக, தலைகீழான வியப்புக்குறிபோல் இருந்தால் பெண். போதாக்குறைக்கு, செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதாம், ஆணுக்கு அது ஒன்று இருந்தால் போதும், பெண்ணுக்கு இரண்டும் வாய்க்க வேண்டும், ஆகவே இந்த நிறத்துப் பூனைகளில் ஏறக்குறைய ஐந்துக்கு நான்கு ஆண்தானாம். மரபணு எனக்குத் தெரியாமல் போனதில் அவமானம் இல்லை. முப்பத்தோராண்டு நிறுத்தக்குறி கற்பித்துவிட்டு, ஏழு வாரமாகக் கண்முன்னே திரிந்த ஒரு முக்காற்புள்ளியைப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன். தம்பி அடுத்ததாகத் தோடியின் பக்கம் கையை நீட்டுவதற்குள், அம்மா மற்ற இரண்டையும் மடியில் அள்ளிப்போட்டு முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போய்க் கலந்துகொண்டு சொல்லி அனுப்புகிறோம்" என்றார் கணவர். அந்தச் சொற்களை என் தங்கைக்காக நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று என் அம்மாவுக்குத் தெரியும். அவர்கள் படியிறங்கும்வரை ஒன்றும் பேசாமலிருந்துவிட்டு, "கறுப்புக் குழந்தையை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கலைடா" என்றாள்.

அதற்குள் மனைவி, அவர்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி என்பதையும், பால்கனிக்கு வலை அடிக்கவில்லை என்பதையும், கருத்தடை பற்றிக் கேட்டபோது அந்த அம்மாள் முகத்தைச் சுளித்ததையும் நினைவுபடுத்தி, இந்தச் சம்பந்தத்தை வேண்டாமென்றது நாம்தான் என்று தீர்ப்பளித்தாள். யார் கேட்டாலும் அப்படியே சொல்ல வேண்டுமாம்.

குட்டிகளுக்கு உடற்சூடு வந்து மூன்று வாரமாகிறது, இனி ஏசி போடலாமல்லவா என்று கேட்டதற்கு, முகாரி இப்போதுதான் கண் அசந்திருக்கிறது என்ற பதில் வந்தது. இரவு நோட்டை எடுத்து எடை எழுதினேன். தோடி 730. முகாரி 690. கல்யாணியின் ணிக்கு மேலிருந்த இகர விலங்கை மட்டும் அடித்துவிட்டு, அம்மா சொன்னபடி பின்னால் 'ராமன்' சேர்த்தேன். 780.