43 வாங்கியும் தேர்ச்சி இல்லை: பிளஸ் 2 பாஸ் கணக்கு

2023 மே மாதம் பிளஸ் 2 ரிசல்ட் வந்த காலையில் அப்பாவின் செல்போனில்தான் பார்த்தோம். ஐந்து பாடங்களில் தேர்ச்சி. வேதியியலில் மொத்தம் 43, ஆனால் தேர்ச்சி இல்லை. "35 வாங்கினா பாஸ் தானே அம்மிணி, கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பாப் போட்டிருப்பாங்க" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நம்பினேன். பள்ளிக்கூடத்துக்குப் போனபோது டீச்சர் மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டினார். எழுத்துத் தேர்வு 14, செய்முறை 20, அகமதிப்பீடு 9. அந்த 14-தான் என்னை நிறுத்தியிருந்தது.

அரசுப் பள்ளியில் இப்போது பிளஸ் 2 படிக்கிறவர்கள் இந்தக் கணக்கைத் தேர்வுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு பாடத்துக்கு 100, ஆறு பாடத்துக்கு 600. ஒவ்வொன்றிலும் 35 வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குள் இன்னொரு வரம்பு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த 70-இல் குறைந்தது 15 எடுத்தே ஆக வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணக்கு மாதிரி செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்துத் தேர்வு 90. அதில் குறைந்தது 25. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழுதாக 30 வாங்கியிருந்தாலும், எழுத்தில் 14 என்றால் தேர்ச்சி கிடையாது. பத்தாம் வகுப்பு அறிவியலிலும் இப்படித்தான்: எழுத்தில் 75-க்கு 20, செய்முறையில் 25-க்கு 15, இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும்.

2025-26 முதல் பிளஸ் 1-க்குப் பொதுத் தேர்வு இல்லை. அதனால் இந்த 15, 25 வரம்பை இனி வரும் பிள்ளைகள் முதல்முறையாகச் சந்திப்பது பிளஸ் 2-வில்தான். எனக்கு அது கவலையாக இருக்கிறது.

சரி, அந்த 15-ஐ எப்படி எடுப்பது? வேதியியல் வினாத்தாளின் முதல் பகுதியே 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். இயற்பியலிலும் அப்படியே. கணக்கில் 20. பாடத்தின் கடைசியில் புத்தகத்திலேயே கொடுத்திருக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களை நான் முதல் தடவை ஒதுக்கிவிட்டு, ஐந்து மதிப்பெண் வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்தேன். தேர்வறையில் ஒரு வரி மறந்தது, அப்புறம் முழு விடையும் போனது. ஜூன் துணைத் தேர்வுக்கு வழியை மாற்றினேன். காலையில் ஒரு பாடத்தின் ஒரு மதிப்பெண் வினாக்கள், மாலையில் அதே பாடத்தின் இரண்டு, மூன்று மதிப்பெண் வினாக்கள். சமன்பாடுகளைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தேன். ஒரு மதிப்பெண்ணில் விடையை மட்டும் படிக்காமல், மற்ற மூன்றும் ஏன் தவறு என்றும் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில்தான் பாடமே எனக்குப் புரிய ஆரம்பித்தது.

வருகைப் பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. பொங்கல் முடிந்தால் மஞ்சள் வெட்டு. ஆள் கிடைக்காத நாட்களில் நானும் காட்டுக்குப் போனேன். வேக வைக்கும்போதும் வீட்டில் ஒரு கை குறையக் கூடாது. அந்த வேலையைக் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் சோறு அது. ஆனால் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். 80 சதவீதத்தைத் தாண்டினால் அகமதிப்பீட்டில் வருகைக்கு 2 மதிப்பெண், அதற்குக் கீழே 75 வரை ஒன்று. எனக்கு 9 வந்தது அதனால்தான். செய்முறைத் தேர்வு வழக்கமாக அந்த மஞ்சள் வெட்டுக் காலத்தில்தான் வரும். அந்த நாளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் தேதியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

ஒரு பாடம் போனால் எல்லாம் போய்விடாது. தேர்ச்சி பெற்ற பாடங்கள் அப்படியே இருக்கும், போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும். விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் கொடுப்பார்கள், அழுதுகொண்டு வீட்டில் இருந்தால் அது கடந்துவிடும். நான் மூன்றாம் நாள்தான் போனேன், அதற்கே பயந்துவிட்டேன். திருத்தியதில் சந்தேகம் இருந்தால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதைப் பார்த்த பிறகு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம்.

துணைத் தேர்வில் எழுத்தில் 41 எடுத்தேன். அந்த ஆண்டே கல்லூரியில் சேர்ந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வந்தது, பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அப்பாவிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பையன்களுக்கும் 2024 ஆகஸ்டில் கோவையில் தமிழ்ப்புதல்வன் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பி இந்த வருடம் பிளஸ் 2. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாய்க்கால் படியில் உட்கார்ந்து அவனிடம் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள் கேட்கிறேன். போன வாரம் 12 சொன்னான். "மீதி மூணையும் அடுத்த வாரம் கேளுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.