நாலு விரல்கடை

தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அந்த 160 டன் பிரஸ்ஸில், கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளிக்கதிர்த் திரையான லைட் கர்ட்டனை நாலு விரல்கடை உள்ளே தள்ளித் தரச் சொல்லித்தான் ஆபரேட்டர் கேட்டார். முடியாது என்றேன்.

கணக்கு சரிதான். கதிரைக் கை மறித்ததிலிருந்து மேலிருந்து இறங்கும் ஸ்லைடு முழுதாக நிற்க எங்கள் பிரஸ்ஸுக்கு 0.2 நொடி. அதற்குள் கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் டையை, அதாவது அச்சை, நோக்கிப் போகும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறது ஐஎஸ்ஓ 13855 என்ற மெஷின் பாதுகாப்புத் தரநிலை. விரல்கூட நழுவாத 14 மில்லிமீட்டர் கர்ட்டன் என்பதால் டையிலிருந்து 400 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் போதும். நான் 480-இல் பொருத்தியிருந்தேன். பிரேக் லைனிங் தேயத் தேய, நிற்கும் நேரம் கூடும். அந்த 80 அதற்காக நானே சேர்த்தது. அவர் கேட்டதும் ஏறக்குறைய அதே 80-தான்.

குள்ளமான மனிதர். கர்ட்டனுக்கு வெளியே நின்றபடி குனிந்து எட்டி பிளாங்க்கை, அதாவது வெட்டிய தகட்டை, வைக்க வேண்டும், மறுபடி எட்டி எடுக்க வேண்டும். ஷிஃப்ட் முழுக்க இதேதான்.

"அண்ணே, விரல் போனா திரும்ப வராது."

"இடுப்பு போனா மட்டும் வருமா சார்? உங்க கணக்குல கை இருக்கு, இடுப்பு இல்லையே."

அந்தக் குரலில் கோபமே இல்லை.

எனக்கு பிரஸ் ஓட்டக் கற்றுத்தந்தவருக்கு இடது கையில் இரண்டு விரல் கிடையாது. அந்தக் கையைப் பார்த்துத் தொழில் படித்தவன் எப்படி விட்டுக்கொடுப்பேன்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால், நிற்கும் நேரத்தை மாதாமாதம் அளந்து பிரேக்கை உடனுக்குடன் சரிசெய்தால் 420-க்கே கொண்டுவரலாம். அளப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அந்த அவநம்பிக்கைக்கான விலையை அவர் முதுகுதான் கொடுக்க வேண்டுமா?

அவர் பேக்கிங்குக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். அங்கே இன்சென்டிவ் குறைவு. பின்னால் பிரேக் வேலை வந்தபோது அளந்தோம்: 0.23 நொடி. அதாவது, 460 வேண்டும். தள்ளியிருந்தால்? அந்தத் தாளை அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் போலிருந்தது. காட்டவில்லை. காட்டினால் மறுபடி இடுப்பைப் பற்றித்தான் கேட்டிருப்பார். அதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை.

இப்போது அந்த பிரஸ்ஸில் நிற்கும் பையன் உயரம். கை எட்டுகிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை. கர்ட்டனுக்கு வெளியிலிருந்தே பிளாங்க்கை டைக்குள் தள்ளிவிடும் ஸ்லைடிங் ஃபீடர் கேட்டு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் எழுதிப் போடுகிறேன். "ஆள்தான் ஓட்டிக்கிட்டிருக்கானே" என்று திரும்பி வருகிறது.